பரிசில் இருப்பது என் பெயர்

தம்பி,

நான் சாகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்கக் கோலா தெர்லாவுக்குப் போனேன். லெட்சுமி கடை வாசலில் நின்று குடையை மடக்கிக்கொண்டிருக்கும்போதே, கல்லாவில் உட்கார்ந்திருந்த லெட்சுமி எழுந்து நின்று, கையிலிருந்த முட்டையைக் கீழே போட்டுவிட்டாள். "அண்ணே, நீங்க இருக்கீங்களா? இப்பத்தானே மாலைக்குச் சொல்லி அனுப்பினோம்லா" என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அப்புறம் அவளே கைபேசியை எடுத்துக் காட்டினாள். நம் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் நீ போட்டாயே ஒரு படம், அதுதான். லெம்பா பெர்த்தாமில் இருக்கும் உன் மாமா அதைக் கோவில் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே ஆங்கிலம் தெரிந்த ஒரு புண்ணியவான், பெரிய எழுத்தில் இருந்த என் பெயரையும் பக்கத்தில் இருந்த 'நினைவுப் பரிசு' என்பதையும் சேர்த்துப் படித்து, மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நான் வீடு வந்து சேர்வதற்குள் நாலைந்து பேர் போன் செய்துவிட்டார்கள். நான் எடுத்து 'ஹலோ' என்றதும் இரண்டு பேர் பயந்து வைத்துவிட்டார்கள். வந்த மாலையைத் திருப்பி அனுப்ப முடியாமல் பிள்ளையாருக்குப் போட்டார்களாம். எனக்கு வந்த மாலையைப் பிள்ளையார் வாங்கிக்கொண்டார், அவருக்கு நான் கடன்பட்டவன்.

இதைப் போனிலேயே சொல்லலாம்தான். போனில் பேசினால் நான் கோபப்பட்டுவிடுகிறேன், நீ வாயை மூடிக்கொள்கிறாய், பேச்சு அங்கேயே செத்துப்போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், படம் பிடித்து வாட்ஸ்அப்பில் உனக்கு அனுப்பிவிடுவேன். கோவில் ஆண்டு மலருக்கு உன் அக்காவைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லித் தலைவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதையே ஒரு பிரதி எடுத்து அவரிடம் கொடுத்துவிடப் போகிறேன். நான் உயிரோடு இருப்பது ஊருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். அப்பனும் மகனும் பேசவேண்டியதை ஊர் படிக்கிறதே என்று நீ வெட்கப்படாதே. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

உனக்குத் தெரிந்ததுதான், மலரில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். உன் அக்கா மெல்பர்னில் ஒரு பல்கலைக்கழகத்தில் சட்டம் சொல்லிக்கொடுத்தாள். நம் நாட்டுச் சட்டமும் இல்லை, அந்த நாட்டுச் சட்டமும் இல்லை. ஜப்பான், கொரியா, சீனா, அந்தப் பக்கத்து நாடுகளின் சட்டம். வக்கீலுக்குப் படித்தவள் கோர்ட்டில் நின்று பேசினால் நாலு பேருக்குப் புரியும், இது யாருக்கு என்று நான் கேலி செய்வேன். முந்தின வருடம் ஒரு காலையில், வகுப்புக்குப் போக இருந்தவள், தன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மயங்கிப் போனாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கல்யாணமும் ஆகவில்லை, நாற்பதும் ஆகவில்லை. நீதான் ஜொகூரிலிருந்து ஓடினாய், நீதான் சாம்பலாக வாங்கி வந்தாய். இப்போது அவளோடு வேலை பார்த்தவர்கள் கூடி, அந்த நாடுகளின் சட்டத்தைப் பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் சிறந்த ஒன்றுக்கு வருடா வருடம் ஒரு பரிசு கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவள் நினைவாக. முதல் பரிசு வருகிற வெள்ளிக்கிழமை. நீயும் உன் மனைவியும் போகிறீர்கள். எனக்கும் டிக்கெட் போடுகிறேன் என்று சொன்னாய், அது உன் நல்ல மனசு. அவள் இருக்கும்போது வா வா என்று கூப்பிட்டாள், குளிர் ஒத்துக்காது, வேலை இருக்கிறது என்று சொல்லிப் போகாமல் இருந்தேன். கேமரன் மலையில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குளிர் ஒத்துக்காதாம். அவள் இல்லாத ஊரில் போய் நான் எதைப் பார்க்க?

உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். நீ அனுப்பிய அந்த விளம்பரப் படத்தில் என் பெயரைப் பார்த்தபோது முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எத்தனை வருடம் இந்த எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டினேன், கொழுந்து மூட்டையை ஏற்றிக்கொண்டு போய் பேக்டரியில் கொட்டினேன். சம்பளச் சீட்டைத் தவிர வேறு எதிலாவது என் பெயர் அச்சாகி நான் பார்த்திருக்கிறேனா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், நீலக் கட்டத்துக்குள், தடித்த எழுத்தில் என் பெயர். அன்றைக்கு எஸ்டேட் தேயிலைக் கடை பார்க்கிங்கில், இப்போது நான் பார்க்கிற கார் திருப்பிவிடும் வேலைக்கு நின்றபோது கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். விரலால் பெரிசாக்கிப் பார்த்தேன். விசில் ஊத மறந்து இரண்டு கார்க்காரர்களைச் சண்டைக்கு விட்டேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு பகதூரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பகதூர் நேபாளத்துக்காரன், இயந்திரம் வைத்துக் கொழுந்து வெட்டுகிறவன். இந்த லைன் வீட்டு வரிசையில் என்னோடு நின்று பேசுகிறவன் அவன் ஒருவன்தான். கைபேசியை வாங்கித் துடைத்துவிட்டு, எழுத்தெழுத்தாகப் படித்தான். அவனுக்கு என் கதை முழுக்கத் தெரியும், அதனால் மரியாதையாகத்தான் கேட்டான். "அங்கிள், அனாக் புன்யா நாமா மானா?" மகள் பேர் எங்கே என்று.

நான் திரும்ப வாங்கிப் பார்த்தேன். தம்பி, சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அவள் பெயரில் ஒரே ஒரு எழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் முழுசாக என் பெயர், அதற்குக் கீழே நினைவுப் பரிசு. நம் வழக்கத்தில் அப்பன் பெயர்தான் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கும், பிள்ளைதான் முழுப் பெயர். அங்கே தலைகீழாக்கி, பிள்ளையை ஒரு எழுத்தாகச் சுருக்கி, அப்பனை விரித்துப் போட்டிருக்கிறார்கள். பூங்கொடி என்ற பெயர் அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை.

உனக்குப் போன் செய்தேன். நீ பொறுமையாகத்தான் விளக்கினாய், குற்றம் சொல்லவில்லை. அந்த நாட்டில் கடைசியாக வருவதுதான் குடும்பப் பெயர், அதைச் சொல்லித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள், அக்காவே தன் கட்டுரைகளில் அப்படித்தான் போட்டுக்கொண்டாள், அவளைப் பற்றி எழுதுகிறவர்களும் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள், இப்போது மாற்றினால் யாருக்கும் யார் என்று தெரியாது என்றாய். பொறுப்பில் இருக்கும் பேராசிரியை ரொம்ப நல்லவர், பரிசின் பெயரைக் குடும்பம் எப்படி விரும்புகிறதோ அப்படியே வைக்கலாம், விழாவுக்கு முன்னால் சொல்லிவிட்டால் போதும் என்று எழுதியிருக்கிறார் என்பதையும் சொன்னாய். அதைச் சொல்லிவிட்டுக் கூடவே, "விடுங்கப்பா, உங்க பேருதானே. பெருமைதானே" என்றாய். அப்போதுதான் நான் போனை வைத்தேன். நெட்வொர்க் போகவில்லை. நான்தான் வைத்தேன்.

பெருமைதான். லெம்பா பெர்த்தாம் மாமாவும் அதைத்தான் சொன்னார், பேர் சொல்ல ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டாய் என்று. நான் செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த அரை நாளில் கோவில் குழுவில் எல்லோரும் அதையே எழுதியிருந்தார்களாம். சரி, என் பேர் சொல்லப் பிள்ளை இருந்தது. அந்தப் பிள்ளையின் பேர் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று ஒருவனும் கேட்கவில்லை. நேபாளத்துக்காரன்தான் கேட்டான்.

அவள் முதன்முதலாக அந்த ஊருக்குப் போன வாரம் போன் செய்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நம் பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே கோடாக நீளமாக இருக்கும், முதலில் பிள்ளை பெயர், கடைசியில் அப்பன் பெயர் என்று. அங்கே எந்தக் கவுண்டருக்குப் போனாலும் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில், வங்கியில், வகுப்பில், எங்கும் என் பெயர். "அப்பா, இங்க எல்லாரும் உங்களைத்தான் கூப்பிடுறாங்க. நான் திரும்பித் திரும்பிப் பாக்குறேன், நீங்க நிக்கிறீங்களான்னு" என்றாள். நல்லா கூப்பிடட்டும், என்னை மறக்காமல் இருப்பாய் என்று நானும் சிரித்தேன். உன் அம்மா போனைப் பிடுங்கி, பாப்பா சாப்பிட்டியா என்று கேட்டாள். அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் அவள் பாப்பாதான்.

ஜப்பான் எப்படி அவள் மண்டைக்குள் போனது என்று பலர் என்னைக் கேட்பார்கள். எஸ்டேட் பிள்ளைக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம் என்று. நம் மலைக்குக் குளிருக்காக வந்து மாதக்கணக்கில் தங்கும் ஜப்பான்காரப் பெரியவர்களை நீ பார்த்திருக்கிறாய். தானா ராத்தாவில் ஒரு தங்கும் விடுதியில் உன் அக்கா சனி ஞாயிறு தட்டு கழுவப் போனாள். அங்கே நொரிகோ என்று ஒரு அம்மா வருடா வருடம் வந்து தங்குவார். ரிட்டயரான டீச்சர். பேச்சுத் துணை இல்லாமல் இவளைப் பிடித்துக்கொண்டார். இவள் அவருக்குத் தேநீர் கொண்டு போவாள், அவர் இவளுக்குப் பத்து வார்த்தை சொல்லிக்கொடுப்பார். மூன்று வருடத்தில் இவள் அவரோடு சண்டையே போடுகிற அளவுக்கு ஜப்பான் மொழி பேசினாள். கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கிற கடைக்காரர்கள் ஜப்பான் பஸ் வந்தால் இவளைத் தேடி ஆள் அனுப்புவார்கள். நான் என்னவோ இது டூரிஸ்ட் கைடு வேலைக்கு உதவும் என்றுதான் நினைத்தேன். அந்த மொழியை வைத்துக்கொண்டு அந்த நாட்டுச் சட்டத்தைப் படிக்கப் போவாள், படிக்கப் போனவள் வருடத்துக்கு ஒரு முறை மட்டும் வீட்டுக்கு வருவாள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சொல்லியிருந்தால் தட்டு கழுவ விட்டிருக்க மாட்டேன் என்று உன் அம்மா ஒரு தடவை சொன்னாள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் நினைத்திருக்கிறேன்.

கடைசியாக அவள் வந்த தீபாவளிக்கு நீ மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாய், அதனால் இது உனக்குத் தெரியாது. லீவு நாள், கோலாலம்பூர்க் கார்கள் பூராவும் மலையேறி வந்து நிற்கின்றன. தேயிலைக் கடை பார்க்கிங்கில் நான் ஒருத்தன். உன் அக்கா என் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த முனையில் நின்று கார்களைத் திருப்பிவிட்டாள். கூட்டம் குறைந்தபோது என் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டே தான் எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். ஜப்பானில் கல்யாணம் ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குடும்பப் பெயர்தான் வைத்துக்கொள்ள வேண்டுமாம், அது சட்டமாம். யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், விட்டுக்கொடுப்பது எப்போதும் பெண்தானாம். டாக்டராக இருப்பாள், டீச்சராக இருப்பாள், கல்யாணமான மறுநாள் வேறு ஒருத்தியாகிவிடுவாள். இதை எதிர்த்துப் பெண்கள் பெரிய கோர்ட்டு வரைக்கும் போய்விட்டுத் தோற்றுத் திரும்பியிருக்கிறார்களாம். நான் பெரிய மனுஷத்தனமாக, நமக்கு அந்தத் தொல்லையே இல்லை, நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, உங்கம்மா சாகும் வரைக்கும் அவள் அப்பா பெயரோடுதானே இருந்தாள் என்றேன்.

அவள் கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னாள். "இல்லப்பா, எனக்கும் இருக்கு. அங்க நான் நீங்க. மலையேறி இங்க வந்தாத்தான் நான் பூங்கொடி."

அதற்குள் ஒரு சுற்றுலா பஸ் வளைவில் திரும்பியது. நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது வேறு பேச்சு வந்துவிட்டது. அவள் என்ன சொன்னாள் என்று அன்றைக்கு நான் நின்று கேட்கவில்லை. நீ சொன்னாயே, அக்காவே அந்தப் பெயரைத்தான் போட்டுக்கொண்டாள் என்று. போட்டுக்கொண்டாள்தான். சட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டால் வெளியே இருக்கிற வரைக்கும் அதோடு திரிகிற மாதிரி போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் கழற்றிவிடலாம் என்றிருந்தாள். இனி எந்த வீட்டுக்கு வரப் போகிறாள்?

இங்கே எப்படி இருக்கிறது என்று நீ கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லிவிடுகிறேன். பொய் இல்லை. பார்க்கிங் வேலைக்காக எஸ்டேட் வீட்டை என்னிடமே விட்டு வைத்திருக்கிறார்கள், கூரை ஒழுகவில்லை, கேஸ் தீர்ந்தால் பகதூர் தூக்கி வந்து வைக்கிறான். ஆனால் எங்கள் வரிசையில் தமிழ் பேசும் வீடு என்னுடையது ஒன்றுதான். முன்னே இந்த லைனில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று வாசனையிலேயே சொல்லுவோம். இப்போது வங்காளத்துப் பையன்கள் மீன் வறுக்கிறார்கள், நேபாளத்துப் பையன்கள் பருப்பு வேகவைக்கிறார்கள், எல்லோரும் நல்ல பிள்ளைகள், எல்லோருக்கும் நான் அங்கிள். ஆபீசில் கேட்டாலும் பார்க்கிங் அங்கிள். வாரக் கடைசியில் ஆயிரம் கார் வருகிறது, ஒருவருக்கும் நான் யார் என்று தெரியாது. என் பெயரைச் சொல்லி என்னை யாராவது கூப்பிட்டு எவ்வளவு நாள் ஆகிறது என்று யோசித்துப் பார்த்தேன். உன் அம்மா இருந்தபோதும் சொன்னதில்லை, புருஷன் பெயரை அவள் எப்படிச் சொல்வாள். கூட டிராக்டர் ஓட்டினவர்கள் சொன்னார்கள், அவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அதனால்தான் அந்தப் படத்தில் என் பெயரைப் பார்த்ததும் அப்படி ஒரு ஆசை வந்தது என்று நினைக்கிறேன். தனியாக இருக்கிறவனுக்கு எங்கிருந்து யார் கூப்பிட்டாலும் காது அந்தப் பக்கம் போகிறது.

அந்தக் காதோடு உட்கார்ந்துதான் அவள் பெயரைப் பற்றியும் யோசித்தேன். அம்மாவுக்குப் பாப்பா. உனக்கு அக்கா. உன் மனைவிக்கு அண்ணி, உன் மகளுக்கு அத்தை. லைனில் இருந்தவர்களுக்கு டிராக்டர்காரர் மகள், பின்னால் வக்கீலம்மா. அங்கே இருந்தவர்களுக்கு என் பெயர். பூங்கொடி என்று வாய் நிறையக் கூப்பிட்டவன் நான் ஒருவன்தான். அந்தப் பெயர் நானே பிடிவாதமாக வைத்தது. அவள் பிறந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாம் சாமி பெயர் சொன்னார்கள். நான் சின்ன வயதில் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது பக்கத்து வகுப்பில் டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது இந்தப் பெயர் வரும், ஒரு பெண் 'உள்ளேன்' என்பாள். அவள் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. பெயர் மட்டும் பிடித்துப் போய்விட்டது. இப்போது வீட்டில் யாரும் இல்லாதபோது சில நாள் உரக்கச் சொல்லிப் பார்க்கிறேன். பைத்தியம் இல்லை, பயப்படாதே. சொல்லாவிட்டால் எனக்கே மறந்துவிடுமோ என்று இருக்கிறது.

நீயும் ஒரு காலத்தில் அப்படித்தான் கூப்பிட்டாய். பேச்சு வந்த புதிதில், நான் கூப்பிடுவதைப் பார்த்து நீயும் பூங்கொடி என்பாய். உன் அம்மாவுக்கு அதைக் கேட்டால் சிரிப்புத் தாங்காது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் நீ விடவில்லை. ஒரு திருவிழாவில், தேரைச் சுற்றி எஸ்டேட்டே நிற்கிறது, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி குடும்பம் நிற்கிறது, நீ கூட்டத்துக்கு நடுவில் இருந்து "ஏய் பூங்கொடி, இங்க வாடி" என்று கத்தினாய். மூத்தவளை மதிக்கத் தெரியாத பிள்ளை என்று யாரோ எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்கள். நான் அத்தனை பேர் முன்னால் உன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "அக்கான்னு கூப்பிடு" என்றேன். நீ அழவில்லை, அவள்தான் அழுதாள். அழுதுகொண்டே உன்னைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றோடு சரி. அதற்குப் பிறகு உன் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து நான் கேட்டதே இல்லை. அவள் சாம்பலை ஆற்றில் கரைத்தபோதும் நீ அக்கா, அக்கா என்றுதான் அழுதாய். நான் அடித்தது தப்பு என்று சொல்லவில்லை, ஊரில் எந்த அப்பனும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் இப்படி ஒரு நாள் வரும் என்று எந்த அப்பனுக்குத் தெரியும்?

ஆகவே என் முடிவு இது. அந்தப் பேராசிரியைக்கு இன்றைக்கே எழுதிவிடு. பரிசுக்குப் பூங்கொடி என்ற பெயர் மட்டும் போதும். என் பெயர் வேண்டாம், ஒரு எழுத்தாகக்கூட வேண்டாம். ஆசை இல்லாமல் சொல்லவில்லை, ஆசை இருக்கிறது என்று மேலேயே எழுதிவிட்டேன். அந்தக் கட்டுரைகளை எல்லாம் எழுதியவள் இந்தப் பூங்கொடிதான் என்று தெரியாமல் போகும் என்கிறாய். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி விளக்கம் போட்டுக்கொள்ளட்டும். படித்தவர்கள்தானே, புரிந்துகொள்வார்கள். சொல்ல வரவில்லை என்றால் பழகிக்கொள்ளட்டும். அவள் மூன்று நாட்டு மொழி பழகினாள், அவளுக்காக ஒரு பெயர் பழக மாட்டார்களா?

இன்னொன்று. இந்த வருடம் பரிசு வாங்கும் பெண், வயதான பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று சீனாவில் இருக்கும் சட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்று சொன்னாய். சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் கேஸ் போட மாட்டேன், நிம்மதியாக இரு. ஆனால் அந்தப் பெண்ணிடம் அப்பா அம்மா எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வா. எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

குடும்பத்தின் சார்பில் உன்னை இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்ன பேசுவது என்று தெரியவில்லை என்றாய். நீ பெரிசாக ஒன்றும் பேச வேண்டாம். ஆங்கிலத்தில் 'என் சகோதரி' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாதே. அக்கா என்றும் சொல்லாதே. அவள் பெயரைச் சொல். அங்கே இருக்கிற யாரும் அதைக் காதால் கேட்டதில்லை, உன் வாயிலிருந்துதான் முதலில் கேட்கப் போகிறார்கள், இனிமேல் வருடா வருடம் நீ சொன்ன மாதிரியே சொல்லப் போகிறார்கள். உனக்கு நாக்கு எழாது, எனக்குத் தெரியும். எனக்குப் பிறகு அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல இந்த உலகத்தில் நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

எழுந்து நின்று சத்தமாகச் சொல், தம்பி. இந்தத் தடவை அடிக்க மாட்டேன்.

அப்பா